பணிவும் துணிவும்: பேராயர் அசரியாவின் வாழ்க்கை

தலைவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? மேடை, மாலை, ஒலிபெருக்கி, முன்னும் பின்னும் ஓடும் கூட்டம். பணிவு என்ற சொல்லைக் கேட்டால் தோன்றுவது எது? குனிந்த தலை, கட்டிய கை, வாய் திறவாமை. இந்த இரண்டு படங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க நம்மால் முடிவதில்லை. தலைவர் பணிய மாட்டார், பணிபவர் தலைவராக மாட்டார் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நாமோ அதைத் தேர்வுக்குப் படித்து, தேர்வோடு விட்டுவிட்டோம்.

உண்மையில் பணிவு இரு வகை. மேலே இருப்பவர் முன் வளைவது ஒன்று. கீழே வைக்கப்பட்டவரை நாடி இறங்கிச் செல்வது மற்றொன்று. முதல் வகை நம் பிழைப்புக்கு உதவும். இரண்டாம் வகை பிறர் பிழைக்க உதவும். முதல் வகைப் பணிவு சிறிதும் இல்லாமல், இரண்டாம் வகைப் பணிவில் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட தமிழர் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

நான் பௌதிகம் பயிலும் மாணவன். சமய வரலாறு என் துறை அன்று. ஆயினும் அசரியாவின் வாழ்க்கை என்னை ஈர்த்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவரும் நம்மைப் போலத் தமிழ்நாட்டை விட்டு வடக்கே சென்றவர் என்பது ஒன்று. அவர் கல்லூரியில் படித்தது கணிதம் என்பது மற்றொன்று. சென்னையிலிருந்து டில்லிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் விஜயவாடாவைத் தாண்டி, கம்மத்துக்கும் வரங்கலுக்கும் இடையே டோர்ணக்கல் என்ற சந்திப்பு இருக்கிறது. விடுமுறைக்குப் போகும்போதும் வரும்போதும் நம்முள் பலர் அதைத் தூக்கத்திலேயே கடந்து விடுகிறோம். அந்த ஊரில்தான் ஒரு தமிழர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தெலுங்கு மக்களின் ஆயராக உழைத்து, அங்கேயே கண் மூடினார்.

இளமை

திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அசரியா பிறந்தார். பனை மரமும் செம்மணல் தேரியும் சூழ்ந்த நாடு அது. தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூரின் குருவானவர். இளமையில் மிஷன் பள்ளியில் பயின்று கிறிஸ்தவரானவர். தாயின் பெயர் எலன். ஆண் மகவு வேண்டி நெடுநாள் காத்திருந்து பெற்றெடுத்த பிள்ளை ஆகையால், வேதாகமத்தில் அன்னாளின் வேண்டுதலுக்குக் கிடைத்த மகனின் பெயரான சாமுவேல் என்பதையே அவருக்கும் இட்டார்கள்.

அவர் பிறந்த நாடார் சமூகத்தின் நிலையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கோயில் வாயில்கள் அந்நாளில் அவர்களுக்கு அடைத்துக் கிடந்தன. பெண்கள் மேலாடை அணிவதற்கே தென் திருவிதாங்கூரில் போராட வேண்டியிருந்தது. ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்பதை அசரியா புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய தேவை இல்லை. தம் முன்னோரின் நினைவிலேயே அது இருந்தது.

1889இல் தந்தை மறைந்தார். தாயின் கண்டிப்பான வளர்ப்பில் அவர் கல்வியைத் தொடர்ந்தார். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் அவரை நோய் பற்றிக்கொண்டது. கணிதத் தேர்வை எழுதாமலும் பட்டம் பெறாமலுமே அவர் கல்லூரியை விட்டு வெளியேறினார். மதிப்பெண் பட்டியலில் ஓர் எண் குறைந்தால் உலகமே முடிந்தது என்று எண்ணும் நமக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரும். பட்டமின்றிச் சென்ற அந்த இளைஞருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920இல் சட்ட அறிஞர் என்ற கௌரவப் பட்டத்தை வழங்கியது.

சங்கப் பணி

1895ஆம் ஆண்டு அசரியா கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளரானார். வயது இருபத்தொன்று. ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைக் கூட்டிப் பேசுவதும், சங்கங்களை நிறுவுவதும் அவர் வேலை. 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் சிலருள் ஒருவர் அந்த அம்மையார். கணவர் பின்னாளில் எடுத்த கடினமான முடிவுகள் எல்லாவற்றிலும் அவர் உடன் நின்றார். டோர்ணக்கல் நாட்டின் கிராமப் பெண்களிடையே அவர் ஆற்றிய தொண்டு தனியே ஒரு கட்டுரைக்கு உரியது.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், தாமே காணிக்கை திரட்டித் தம் ஊழியரைக் கடல் கடந்து அனுப்பி வந்தார்கள். அதைக் கண்ட அசரியாவின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. யாழ்ப்பாணத்தாரால் முடிவது திருநெல்வேலியாரால் ஏன் முடியாது? எத்தனை காலம்தான் பிறர் கையை எதிர்பார்த்து வாங்கிக்கொண்டே இருப்பது?

கேள்வியோடு அவர் நின்றுவிடவில்லை. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலியில் தோன்றியது. பணமும் இந்தியருடையது, ஆட்களும் இந்தியர், நிர்வாகமும் இந்தியருடையது. பனையேறியும் வயலில் உழைத்தும் வாழ்ந்த மக்கள் சிறு காசுகளைச் சேர்த்து அதை நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. வங்காளத்தில் சுதேசி இயக்கம் மூண்டெழுந்த ஆண்டு அது. அரசியலில் எழுந்த தன்மான உணர்ச்சி சமயத்திலும் எழுந்தது. அச்சங்கத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பும் அசரியாவையே அடைந்தது.

இறங்கிச் சென்றவர்

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட இடத்துக்கு இப்போது வருகிறேன்.

முப்பத்து நான்காம் வயதில் அசரியா நாடறிந்தவர். நல்ல ஊதியம், நாடு முழுவதும் பயணம், வெளிநாட்டாரின் நட்பு எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு முரண்பாடு அவரை உறுத்தியது. இளைஞர்களே, வசதிகளை விட்டுப் பின்தங்கிய நாட்டுப்புறங்களுக்குச் செல்லுங்கள் என்று மேடைதோறும் பேசியவர் அவர். பேசியவரோ சென்னையில் இருந்தார். பிறரைப் போகச் சொல்லிவிட்டு நான் இங்கே இருப்பது முறையா என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

1909இல் அவர் பதவியை விட்டார். அவ்வாண்டு ஜூனில் குருத்துவப் பணியின் முதற்படியை ஏற்று, தாம் தோற்றுவித்த சங்கத்தின் சாதாரண மிஷனரியாக, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட டோர்ணக்கலுக்குச் சென்றார். செயலாளராக இருந்து அனுப்பியவர், அனுப்பப்படுபவராகச் சென்றார். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை பிரியும் இடம் என்பதைத் தவிர அந்த ஊருக்கு அன்று பெருமை ஒன்றும் இல்லை. கடும் வெயில், காய்ச்சல், கல்வியில்லாக் கிராமங்கள். மொழியோ தெலுங்கு.

முப்பத்தைந்து வயதில் ஒருவர் புதிய மொழியின் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதை எண்ணிப் பாருங்கள். மேடையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் முழங்கியவர், கிராமத்துச் சிறுவர்கள் சிரிக்கும்படி தெலுங்கைத் தட்டுத் தடுமாறிப் பேச வேண்டியிருந்திருக்கும். மொழி கற்பதைப் போல் ஆணவத்தைக் கரைப்பது வேறொன்றும் இல்லை. பல ஆண்டுகள் வெளி மாநிலத்தில் இருந்தும், கடைக்காரரிடம் நான்கு சொல் பேசத் தெரியாமல் தமிழர் விடுதி அறைகளுக்குள்ளேயே சுற்றிவரும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. தமிழை அவர் மறக்கவும் இல்லை. தெலுங்கை அயலாகக் கொள்ளவும் இல்லை.

எடின்பரோ

பணிவு என்றால் வாய் மூடி இருப்பது என்று எவரேனும் எண்ணினால், அவர் 1910ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை அறிய வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர் அளவிலேயே இருந்தார்கள். அங்கே பேச அழைக்கப்பட்ட அசரியாவுக்கு வயது முப்பத்தைந்து. அந்நிய ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பலர் அவருக்கு உதவியவர்கள், அவருடைய மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டித் தந்தவர்கள். நன்றி சொல்லி அமர்ந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

அவர் நன்றியும் சொன்னார், உண்மையையும் சொன்னார். வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உண்மையான நட்பு இல்லை என்றார். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து உழைத்தும், இந்திய ஊழியரை வீட்டுக்கு அழைத்து உடன் அமர்ந்து உண்ணாத மிஷனரிகள் இருக்கிறார்கள் என்றார். எசமானர், வேலையாள் என்ற முறை இருக்கும் வரை திருச்சபை வளராது என்றார். தங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்த மிஷனரிகளின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றும் போற்றும் என்றும், அவற்றோடு அன்பையும் தர வேண்டும் என்றும் கூறி, இறுதியில் அவர் கேட்டது நண்பர்களை.

அவையில் அமைதியும் சங்கடமும் நிலவின. சிலர் சினந்தார்கள். சிலர் வெட்கினார்கள். அந்தப் பேச்சு இன்றளவும் நினைக்கப்படுகிறது. அதில் வசை இல்லை, கெஞ்சலும் இல்லை. தமக்கென எதையும் கேட்காதவரால்தான் அப்படிப் பேச முடியும் என்பது என் கருத்து. பதவியை நாடியவர் அச்சபையைப் பகைத்துக்கொள்ளத் துணிந்திருக்க மாட்டார். ஆகவே அவருடைய துணிவு பணிவிலிருந்தே பிறந்தது எனலாம்.

பதவி வந்தது

நாடாதவரைப் பதவி நாடி வந்தது. அந்நாளில் சென்னைப் பேராயராக இருந்தவர் ஹென்றி வைட்ஹெட். கணிதமும் தத்துவமும் பயின்றோர் நன்கறிந்த ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டின் உடன்பிறந்தவர் இவர். இந்தியர் ஒருவர் பேராயராக வேண்டும் என்று இவர் பல ஆண்டுகள் வாதாடினார்.

எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் எழுந்தது. இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் பணிபுரிவதா என்று மிஷனரிகளில் ஒரு சாரார் கேட்டார்கள். அது எதிர்பார்த்ததே. வருத்தம் தருவது மற்றோர் எதிர்ப்பு. அசரியாவின் பிறப்பைக் காட்டித் தென்னாட்டுக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் மறுத்தார்கள். நிற வெறியைக் கண்டு கொதிக்கும் நாம் சாதி வெறியை நம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எல்லாவற்றையும் கடந்து, 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் டோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தாம் இறக்கும் வரை, அதாவது 1945 வரை, அச்சபையில் தனித் திருமண்டலத்தை ஆண்ட இந்தியரும் அவர் ஒருவரே. வேறு இந்தியரை அந்நிலைக்கு உயர்த்த முப்பத்திரண்டு ஆண்டுகள் மனம் வரவில்லை என்பது அவரை ஏற்ற சபையின் குறையை நமக்குக் காட்டுகிறது. அசரியா தவறினால் இந்தியர் எவருக்கும் இனித் தலைமை கிடைக்காது. அந்தச் சுமையோடுதான் அவர் ஒவ்வொரு நாளும் வாழ்ந்தார்.

கிராமத்துப் பேராயர்

பேராயர் என்றதும் அரண்மனையையும் பொற்கோலையும் எண்ண வேண்டா. அவருடைய நாட்களில் பெரும்பகுதி மாட்டுவண்டியிலும் கிராமத்து மரத்தடியிலும் கழிந்தது. அவரிடம் வந்த மக்களுள் மிகப் பலர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். ஊருக்குப் புறத்தே வாழ்ந்து, கூலிக்கு உழைத்து, கடனில் மூழ்கிக் கிடந்தவர்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பகைவர்களாக எண்ணிப் போராட வேண்டும் என்று அவர் ஊர் ஊராகக் கற்பித்தார்.

திருமுழுக்குப் பெறும் ஒவ்வொருவரும் நனைந்த தலைமேல் தம் கையை வைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிடில் தமக்குக் கேடு என்ற பவுலடியாரின் கருத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். அதுவரை பிறர் கட்டளைக்குக் காத்து நின்ற ஒரு கூலியாளரிடம், உன்னிடமும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்று சொல்வதாகும் அது. வாங்குபவராக மட்டும் எவரும் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஏழைகளும் காணிக்கை தர வேண்டும் என்றார். தானியம் கொடுத்தார்கள், கோழி கொடுத்தார்கள். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார்.

தொடங்கியபோது அவரிடம் இருந்த இந்தியக் குருமார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். 1920களில் திருமண்டலத்தின் எல்லை விரிந்தது. 1935 அளவில் 250க்கும் மேற்பட்ட இந்தியக் குருமார்களும், 2,000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும், மருந்தகங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், அச்சகமும் இருந்தன.

டோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திறக்கப்பட்டது. மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள். கோயில் மண்டபம் போன்ற தூண்கள். கிறிஸ்தவன் ஆவதற்கு இந்தியன் தன் இந்தியத் தன்மையை விடவேண்டியதில்லை என்ற கொள்கையைக் கல்லில் எழுதி வைத்தது போல் அது நிற்கிறது.

கருத்து வேற்றுமை

அவருடைய பணியை எல்லாரும் ஏற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1930களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாக மறுத்தார். அவர்கள் ஆராய்ந்து மாறவில்லை, வேறு நன்மைகளுக்காக மாறுகிறார்கள் என்பது அவர் ஐயம். ஏழைக்கும் உள்ளம் உண்டு, தேடல் உண்டு, முடிவு செய்யும் உரிமை உண்டு என்பது அசரியாவின் நிலை. இருவரும் நாட்டை நேசித்தவர்கள். இருவரும் எளிய மக்களுக்காக வாழ்ந்தவர்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியா எதிர்த்தார். தம் மக்களுக்குச் சலுகை கேட்டுப் பெறுவதைவிட, நாட்டு மக்களோடு கலந்து நிற்பதே மேல் என்று அவர் எண்ணினார்.

சபைக்குள்ளும் சாதி உணர்வு முற்றாக அழியவில்லை. மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இடையே பூசல் இருந்தது. ஒருவர் வாழ்நாளில் தீராத நோய் அது என்பதை இன்றைய செய்தித்தாளைப் பார்த்தாலே அறியலாம்.

காணாமல் கண்டவர்

1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் சிலர் கூடினார்கள். ஐரோப்பாவின் பழஞ்சண்டைகளால் பிரிந்து கிடக்கும் சபைகள் இந்தியாவில் ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. தெலுங்குக் கிராமத்து ஏழைக்கு ஆங்கில நாட்டுப் பிரிவினைகளோடு என்ன உறவு? அக்கூட்டத்தின் தலைவர்களுள் ஒருவர் அசரியா. 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய உலகச் சபைகளின் மாநாட்டிலும் அவர் இதையே வற்புறுத்தினார். மேல்நாட்டாருக்கு ஒற்றுமை ஒரு விருப்பம்; எங்களுக்கோ அது உயிர் என்பது அவர் வாதம்.

பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் பொறுமையோடு உழைத்தார். 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், எழுபதாம் வயதில், டோர்ணக்கலில் அவர் உயிர் பிரிந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் உருவாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

விஞ்ஞானம் பயிலும் எனக்கு நம்பிக்கை என்ற சொல் ஓரளவு தயக்கம் தருவதே. சான்று காட்டு என்று கேட்கவே எங்களைப் பழக்குகிறார்கள். ஆயினும் அசரியாவின் நம்பிக்கையைப் பார்க்கும்போது, அது சான்றுக்குப் பகையானது என்று தோன்றவில்லை. முடிவைத் தாம் காணமாட்டோம் என்று அறிந்தும் இன்று செய்யவேண்டியதைச் செய்வது அது. பலன் தம் பெயரில் வராது என்று தெரிந்தும் உழைப்பது அது. அத்தகைய நம்பிக்கைக்குப் பணிவு வேண்டும். தானே முடித்துத் தானே புகழ்பெற வேண்டும் என்பவனால் அவ்வாறு உழைக்க முடியாது. ஆய்வுக்கூடத்திலும் இது உண்மைதான். நாம் இடும் ஒரு கல்லின்மேல் யாரோ கட்டப் போகிறார்கள்.

மாணவ நண்பர்களே! நாளை நம்முள் பலர் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் தலைமை ஏற்கப் போகிறோம். அப்போது நம்மைச் சோதிக்கக் கேள்விகள் இரண்டு போதும். நமக்கு மேலே இருப்பவரிடம் உண்மையைச் சொல்லத் துணிகிறோமா? நமக்குக் கீழே இருப்பவரின் மொழியைக் கற்க இறங்குகிறோமா? இரண்டுக்கும் ஆம் என்று விடை சொல்ல வல்லவரே தலைவர். சமயம் எதுவாயினும் இந்த அளவுகோல் ஒன்றே. வெள்ளாளன்விளையில் பிறந்து டோர்ணக்கலில் மறைந்த அந்தப் பெரியவர் அந்த அளவுகோலுக்குக் குறையாமல் வாழ்ந்து காட்டினார். நாமும் முயல்வோம்.